பேர் இல்லாத வேலை

லோரான் காந்தே இயக்கிய 'டைம் அவுட்' படத்தைக் குருபோங்கில் எங்கள் தாமான் வீட்டில் பார்த்தேன். 2001-இல் வந்த பிரெஞ்சுப் படம். வின்சென்ட் என்ற ஆலோசகனுக்கு வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காரில் ஏறி எங்கெங்கோ சுற்றித் திரிகிறான். ஜெனீவாவில், ஐ.நா.வில் வேலை கிடைத்துவிட்டது என்று கதை விடுகிறான்.

பாதிப் படத்தில் அம்மா வந்து உட்கார்ந்தார். "யாருப்பா இவன், வேலை இல்லாமலே வேலைக்குப் போறான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தா நேர்மாறு. வேலை செஞ்சாரு, ஆனா செக்ரோல்ல பேரு இல்ல" என்றார்.

தாத்தாவிடம் இருந்தது சிவப்பு ஐசி, பாட்டியிடம் நீலம். இருவரும் மலாயாத் தோட்டங்களில் பிறந்தவர்கள்தாம். ஆனால் பாட்டி பிறந்தது மலாக்காவில். அது அன்று பினாங்கைப்போல நேரடி பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. 1948 கூட்டரசு ஒப்பந்தம் அங்கே பிறந்து நிரந்தரமாக வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைகளுக்குக் குடியுரிமை தந்தது. தாத்தா பிறந்தது லிங்கி ஆற்றுக்கு அந்தப்பக்கம், நெகிரி செம்பிலானில். அவருடைய பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆகவே அங்கே பிறந்தது மட்டும் போதவில்லை. ஓர் ஆறுதான் வித்தியாசம்.

1957 சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கே பிறந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி இருந்தது. முதல் ஓராண்டுக்கு மலாய்மொழித் தேர்வுகூட இல்லை. தாத்தா போகவில்லை. "ஒரு நா லீவு போட்டா ஒரு நா சம்பளம் போச்சு. அப்ப அந்தத் தாளுக்கு என்ன மதிப்புன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அம்மா.

மதிப்பு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 மே கலவரத்துக்குப் பின் அது இறுக்கமாக அமலானது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் தோட்டத்து லயத்தில் வீடும் இல்லை. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள் என்று வரலாற்றாய்வாளர்கள் எழுதுகிறார்கள். மலாயாவைத் தவிர வேறு ஊரைப் பார்த்தறியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தாத்தாவுக்கு பெர்மிட் கிடைக்கவில்லை. ஆனால் கப்பலேறவும் இல்லை. பாட்டியின் நிரையில் இருட்டோடு இறங்கிப் பால்வெட்டினார். காண்டா வாளியைப் பாட்டி சுமந்துபோய்ப் பால் நிறுக்கும் இடத்தில் வைப்பார். கிராணி பாட்டி பேரை எழுதுவார். சம்பளம், சேமநிதி எல்லாம் பாட்டி பேரில்தான். ஆள் வரும் நேரம் தாத்தா காட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார்.

வின்சென்ட்டுக்கு வேலை போன பிறகும் பேர் மிச்சம் இருந்தது. பிரெஞ்சுக்காரன், குடும்பத் தலைவன், அப்பாவிடம் கடன் கேட்கக்கூடிய மகன். அதனால்தான் அவனால் நடிக்க முடிந்தது. தாத்தாவுக்கு நடிக்க எதுவும் இல்லை. லயத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அந்த மௌனத்தால்தான் எங்கள் குடும்பம் பிழைத்தது.

இன்று குருபோங்கில் தொழிற்சாலைகளும் தாமான்களும் நிறைந்துவிட்டன. தோட்டத்து வரலாறு எழுத உட்கார்ந்தால் தாத்தாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போன 60,000 பேரில் அவர் இல்லை. இருந்தவர்களின் செக்ரோலிலும் இல்லை.

"அந்தாளு கடைசியில என்ன ஆனான்?" என்று அம்மா கேட்டார். புது வேலைக்கு நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறான், படம் முடிகிறது என்றேன்.

"பரவால்ல, அவனைக் கூப்பிட்டாச்சும் கேக்குறாங்க" என்றார்.