வருவது உரைத்தலும் சமய வாதமும்

ஒரு சமயத்தின் மேன்மையை நிலைநாட்ட மற்றொரு சமயத்தின் மறைநூலையே சான்றாகக் காட்டுவது நெடுங்காலமாக வழங்கிவரும் வாத முறையாகும். "உங்கள் நூலே எங்கள் பெரியாரின் வருகையை முன்னரே கூறியிருக்கிறதே" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் திகைக்கிறார். காரைக்குடியில் நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் மாணாக்கர் பலமுறை இவ்வினாவைக் கொணர்ந்ததுண்டு. அவர்கள் பெரிதும் குறிப்பிட்ட நூல் பவிஷ்ய புராணம்.

பவிஷ்யம் என்றால் வருங்காலம். அப்பெயருடைய புராணம் ஒன்று பண்டே இருந்தது. ஆபஸ்தம்ப தர்ம சூத்திரம் அதனைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆயின், பெயர் பழமையானது என்பதனால் உள்ளிருப்பவை யாவும் பழமையாகிவிடா. 1897-ஆம் ஆண்டு பம்பாய் வேங்கடேசுவர அச்சகத்தார் வெளியிட்ட பதிப்பில் பிரதிசர்க்க பருவம் என்றொரு பகுதி உண்டு. ஆதாம், நோவா, ஏசு, முகம்மது நபி ஆகியோரைச் சுட்டுவனவாகக் கொள்ளப்படும் பெயர்கள் அதில் வருகின்றன. அவ்வளவில் நின்றிருந்தால் வியப்பே! அதே பகுதியில் விக்டோரியா மகாராணியாரும் வருகிறார்; ஆங்கிலக் கிழமைப் பெயரும் மாதப் பெயரும் கூட வருகின்றன. 1903-இல் ஜெர்மானிய அறிஞர் ஆபிரெக்ட் இது பிற்காலப் புனைவு என எடுத்துக்காட்டினார். மேலும், நபிகளைப் பற்றியதாகச் சொல்லப்படும் இடத்தின் முன்பின் வரிகளைப் படித்தால், அது புகழுரையன்று என்பது புலனாகும். சான்று காட்டுவோர் அவ்வரிகளை விட்டுவிடுகின்றனர்.

தமிழ்நாட்டிலும் இதற்கு நெருங்கிய வரலாறு ஒன்றுண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பாதிரியார், மறைந்துபோன வேதத்தையே தாம் கொணர்ந்ததாகக் கூறிச் சமயம் பரப்பினார். அடுத்த நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து 'எசூர் வேதம்' என்ற பிரெஞ்சுக் கைப்படி ஐரோப்பாவுக்குச் சென்றது. வியாசரும் சுமந்துவும் உரையாடுவதாக அமைந்த அந்நூல் பல தெய்வ வழிபாட்டைக் கண்டித்து ஒரே கடவுளை வற்புறுத்தியது. 1760-இல் அதனைப் பெற்ற வால்டேர், பைபிளுக்கு முற்பட்ட இந்திய ஞானம் இதுவே எனக் கொண்டு, திருச்சபையை எதிர்க்க அதனைப் பயன்படுத்தினார்! சமயம் பரப்ப எழுதப்பட்ட ஏடு அச்சமயத்தையே தாக்கும் படையாயிற்று. 1778-இல் அது அச்சேறியது.

அதன் உண்மையைப் புதுச்சேரியிலேயே தேடிக் கண்டவர், திருக்குறளுக்கு உரைகண்ட நம் எல்லீசர் ஆவார். அண்டையிலுள்ள இராமநாதபுரத்தில் 1819-இல் அவர் மறைந்தபின், 1822-இல் அவருடைய ஆராய்ச்சி வெளிவந்தது. அந்நூல் வேதமன்று, பாதிரிமார் ஆக்கம் என்பது தெளிவாயிற்று. நொபிலியே ஆசிரியர் என்னும் கருத்தைப் பின்வந்த அறிஞர் ஏற்கவில்லை.

ஆகவே மாணாக்கருக்கு நான் மூன்று வினாக்களைக் கற்பித்தேன். இவ்வரி எப்போது எழுதப்பட்டது? இதன் முன்னும் பின்னும் யாது உள்ளது? இதனைச் சான்றாகக் காட்டுபவர் அந்நூலின் ஏனைய பகுதிகளையும் ஏற்பாரா? தம் சமயத்துக்குச் சார்பாகக் காட்டப்படும் வரியிடத்தும் இவ்வினாக்களை எழுப்புதல் வேண்டும், அதுவே கடினம்.

எங்கள் சிவகங்கைச் சீமையில் பிள்ளையார்பட்டிக் கோயிலும், இளையான்குடிப் பள்ளிவாசல்களும், இடைக்காட்டூர்த் திருஇருதய ஆலயமும் உள்ளன. அங்கங்கே வழிபடும் மக்களின் பக்திக்குப் பிறர் ஏட்டின் சாட்சி வேண்டுவதில்லை. அயலார் நூலை அறிய விரும்புவோர், வாதத்திற்கு ஒரு வரியைத் தேடாது, முழுமையும் படிப்பாராக.