மாஸ்க் போட்டால் மூக்கு ஏன் அடைக்கிறது? மூச்சின் ஒரு சிறு வரலாறு



ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "ஐயா, ஷிஃப்ட் முழுக்க மாஸ்க் போட்டா மூக்கு அடைச்ச மாதிரியே இருக்கு. கழட்டினா உடனே சரியாயிடுது. ஆக்சிஜன் கம்மியாகுதா?" கொரோனா காலத்தில் உங்களில் பலர் கேட்ட கேள்விதான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புகார் கொரோனாவோடு பிறந்ததல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, சிவப்புச் சாயப்பொடி தயாரிக்கும் பட்டறைத் தொழிலாளர்கள் பொடியைச் சுவாசிக்காமல் இருக்க விலங்கின் சிறுநீர்ப்பையை முகத்தில் கட்டிக்கொண்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அதாவது, முகக்கவசம் முதலில் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. தொழிலாளியின் முகத்துக்குத்தான் வந்தது. அந்தத் தோலுக்குள் எப்படி மூச்சு விட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆஸ்பத்திரிக்கு வந்தது மிகவும் பின்னால். 1897இல் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் மெல்லிய வலைத்துணியை வாயில் கட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். அது நோயாளியைக் காக்க. மருத்துவரின் எச்சில் துளி காயத்தில் விழக்கூடாது என்பதற்காக.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் பினாங்கில் பிறந்தவர். ஆம், நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் அதே பினாங்கு. டாக்டர் வூ லியென் தே, 1879இல் அங்கே பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்குப் போனார். அங்கே பரவிய பிளேக் நுரையீரலைத் தாக்கும் வகை. இது மூச்சு வழியாகத்தான் பரவுகிறது என்று அவர் சொன்னபோது மூத்தவர்கள் ஏற்கவில்லை. மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் முகக்கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே பிளேக்கில் இறந்தார். அதன்பிறகு வூ தைக்கச் சொன்ன பஞ்சும் வலைத்துணியும் சேர்ந்த கவசத்தை ஊரே கட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. துணியை அடர்த்தியாக்கினால் பாதுகாப்பு கூடும், மூச்சு முட்டும். மெல்லியதாக்கினால் மூச்சு எளிது, பாதுகாப்பு குறையும். 1918 இன்ஃபுளுவென்சா காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 1919 ஜனவரியில் அதை எதிர்ப்பதற்கென்றே அங்கே ஒரு சங்கம் முளைத்தது!

இந்த முடிச்சை அவிழ்த்தது நாம் ஆறாம் வகுப்பில் செய்து பார்த்த சோதனைதான். சீப்பால் தலையை வாரிவிட்டுக் காகிதத் துண்டுக்கு அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளுமே, நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் இழைகளுக்கு அதேபோல நிலைமின்னூட்டம் ஏற்றினால், இழைகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விட்டாலும் தூசு ஒட்டிக்கொள்ளும், காற்று போய்விடும். தைவானில் பிறந்த பீட்டர் சாய் என்ற விஞ்ஞானி இந்த முறையில் பெரும்பங்கு ஆற்றினார். இன்றைய என்95 இப்படித்தான் வேலை செய்கிறது. 2020இல் நம்மில் பலர் அதைச் சோப்பு போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டோம். சோப்பிலும் ஸ்பிரிட்டிலும் அந்த மின்னூட்டம் போய்விடும். மிஞ்சுவது வெறும் துணிதான்.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். ஆக்சிஜன் மூலக்கூறு முகக்கவசத்தின் துளைகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. அது தடையின்றிப் போகும். என்95இல் மூச்சை இழுக்கக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும், உண்மை. ஆனால் ஆரோக்கியமானவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் பொருட்படுத்தும்படி குறைவதில்லை. வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் மாட்டிப் பாருங்கள்.

பின்னே ஏன் அடைக்கிறது? மூக்குக்குக் காற்றை அளக்கத் தெரியாது, குளிர்ச்சியைத்தான் தெரியும். உள்ளே போகும் காற்று மூக்கின் ஈரச்சவ்வைக் குளிர்விக்கும்போது, "வழி திறந்திருக்கிறது" என்று நரம்பு மூளைக்குச் சொல்கிறது. மாஸ்குக்குள் நாம் விட்ட சூடான, ஈரமான மூச்சே தேங்கித் திரும்பி வருகிறது. குளிர்ச்சி இல்லை, எனவே மூளை "அடைப்பு" என்று படிக்கிறது. பச்சைக் கற்பூரமும் புதினா உப்பும் இதற்கு நேர் எதிர். உண்மையான அடைப்பு அப்படியே இருக்கும், ஆனால் குளிர்ச்சி உணர்வு வந்ததும் மூக்கு திறந்தது போலத் தோன்றும். குளிர்நாட்டில் மாஸ்கின் அதே ஈரம் வறண்ட மூக்குக்கு இதமாக இருக்கிறது. ஒரகடத்து மே மாத வெயிலில் அதுவே தொல்லை.

ஆக, அந்த அடைப்பு பெரும்பாலும் ஆபத்தின் அறிகுறி அல்ல. அதற்காக அதை வெறும் மனப்பிரமை என்று தள்ளவும் கூடாது. வேலை செய்யும் இடம் சூடாக, காற்றோட்டம் இல்லாமல் இருக்கிறது என்பதையும் அந்த மூக்கு சொல்கிறது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவை எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். தூசும் புகையும் எங்கே கிளம்புகிறதோ, அதற்குப் பக்கத்திலேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்றார்கள். "மூக்கை மூடிக்கொள்" என்று தொடங்கவில்லை. முகக்கவசம் கடைசி வேலி.

நம் பகுதியிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். ஒரகடம் ரெனோ நிசான் ஆலையின் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடியது. மாஸ்க் போட மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ஓடும் அசெம்பிளி லைனில் ஆளுக்கு ஆள் போதிய இடைவெளி இல்லை என்பதே அவர்கள் வாதம். மே கடைசி வாரத்தில் இரண்டு ஆலைகளும் சில நாட்கள் நின்றன. முகத்தை மூடினால் மட்டும் போதாது, வேலையின் அமைப்பும் மாற வேண்டும் என்று அவர்கள் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி, சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் என் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

மாஸ்க் யாரைக் காக்கிறது என்று முதலில் கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கிளீன்ரூமில் அது பொருளைக் காக்கிறது, உங்களை அல்ல. தூசுக்கு என்95 போதும். மூச்சு வெளியேற வால்வு வைத்தது சூட்டைக் குறைக்கும். ஆனால் வால்வு வழியே உங்கள் மூச்சு வடிகட்டாமல் வெளியேறும். அதனால்தான் 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை அதைக் கொரோனாவுக்கு வேண்டாம் என்றது.

பெயின்ட், தின்னர் ஆவியை என்95கூடத் தடுக்காது. கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் வேண்டும். ஹார்டனர் கலந்து ஸ்பிரே செய்யும் பெயின்ட்களில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. அங்கே தனிக் குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் கவசம்தான் சரி. துணி மாஸ்கோடு உள்ளே போகச் சொன்னால், கேள்வி கேட்பது உங்கள் உரிமை.

கழற்றியதும் சரியானால் அது குளிர்ச்சியின் கணக்கு. கழற்றிய பிறகும் மூச்சிரைப்பு, நெஞ்சில் விசில் சத்தம், லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடும் இருமல் இருந்தால், அது வேறு கணக்கு. ஈஎஸ்ஐ மருத்துவரைப் பாருங்கள். எந்தப் பிரிவில் வேலை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தப் பதிவைப் பெயின்ட் ஷாப்பில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினால் மகிழ்வேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், வகுப்பு இன்னும் முடியவில்லை. எல்லோரும் நலமாக இருங்கள்.