கத்திரி வெயிலில் நின்ற வேகம்

தொண்ணூறுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி நான் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்கள் எல்லாமே சென்னை ரிச்சி தெருச் சாமான்கள். மதர்போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை, கேபினெட் ஒரு கடை என்று விலை பேசி வாங்கி, மூர் மார்க்கெட்டில் புறநகர் ரயில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி ஊர் வந்து சேரலாம். வாங்கியவர்கள் உருக்காலை, ரோலிங் மில் தொழிலாளர்கள். பிள்ளைகள் படிப்புக்காகச் சீட்டு எடுத்த பணம் அது. அதே பணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்குமா என்ற கேள்வியில்தான் எங்கள் பக்கத்து ஓவர்கிளாக்கிங், அதாவது ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, தொடங்கியது.

அதற்கு வழி திறந்தது 1998 ஆகஸ்ட். அந்த மாதம் இன்டெல் செலரான் 300ஏ, பென்டியம் 2-450 என்ற இரண்டு ப்ராசஸர்களையும் வெளியிட்டது. அறிமுக விலை முதலாவதற்கு 149 டாலர், இரண்டாவதற்கு 669 டாலர். போர்டின் பஸ் வேகத்தைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் வருவதே ப்ராசஸரின் வேகம். செலரானின் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் அது 300-ல் ஓடும். பஸ்ஸை 100 ஆக்கினால் 450. செலரானின் 128 கேபி கேஷ் சில்லுக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியது. பென்டியத்தின் கேஷ் 512 கேபி என்றாலும் பாதி வேகம்தான். ஆகவே 450-ல் நிற்கிற செலரான், பல வேலைகளில் அந்த விலை உயர்ந்த பென்டியத்துக்குச் சமமாக ஓடியது.

அபிட் பிஎச்6 போன்ற போர்டில் இதை பயாஸ் திரையிலேயே மாற்றலாம். பஸ் வேகத்தைத் தானே படித்துக்கொள்ளும் போர்டுகளுக்கு வேறு வழி. ப்ராசஸர் கார்டின் அடி விளிம்பில் வரிசையாகத் தங்க நிறத் தொடுபட்டைகள் இருக்கும். அதில் பி21 என்ற ஒன்றை மட்டும் மறைக்க வேண்டும். மெல்லிய டேப்பைப் பிளேடால் கீற்றாக நறுக்கி, பக்கத்துப் பட்டையில் படாமல் ஒட்டி, ஸ்லாட்டில் நேராக இறக்கினால், போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்று எடுத்துக்கொள்ளும்.

இடைப்பட்ட வேகங்களில்தான் ஆபத்து இருந்தது. பஸ் 100-ல் ஓடும்போது ஹார்ட் டிஸ்க் தகவல் போகும் பிசிஐ பாதை அதில் மூன்றில் ஒரு பங்காக 33-லேயே நிற்கும். 83-ல் வைத்தால் பாதியாகி 41-க்கு மேல் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது கெட்டுப்போகலாம். ராமும் பிசி100 தரத்தில் இருக்க வேண்டும். சந்தேகப்பட்ட ராமை மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளில் ஓடவிடுவேன். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம்.

எங்கள் ஊரில் இன்னும் இரண்டு எதிரிகள்: கத்திரி வெயிலும், மாலையில் இறங்கும் வோல்டேஜும். ரோலிங் மில் எலக்ட்ரீஷியன் ஒருவர் தன் கம்ப்யூட்டரை 450-ல் கேட்டார். 2.0 வோல்ட்டை 2.2 ஆக்கினால் நிற்கும் என்றேன். வோல்டேஜின் வர்க்கத்தோடு சூடும் ஏறும் என்று அவர் உடனே கணக்குப் போட்டார்: வோல்டேஜுக்கு 1.21 மடங்கு, வேகத்துக்கு 1.5 மடங்கு, ஆகச் சூடு ஏறத்தாழ 1.8 மடங்கு. "தம்பி, மே மாசம் மத்தியானம் ரூம் ஃபேன் போடாம ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் காசு தரேன்" என்றார். மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் லைனையும் பார்த்தார். அன்று முதல் அதுவே என் பரிசோதனை முறை.

2000-ல் ஏஎம்டி டூரான் வந்தது. அதன் மேல் இருந்த எல்1 புள்ளிகளைப் பென்சில் கரியால் இணைத்தால் பெருக்கெண் பூட்டே திறந்துவிடும். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் இரவு முழுக்க ஓடவேண்டிய டெஸ்ட்டைக் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துத் துண்டு துண்டாக ஓட்டினோம். 2011 ஜனவரியில் பெருக்கெண் திறந்த 2500கே போன்றவற்றை இன்டெல் தனி விலைக்கே விற்றது. விலை குறைந்த ப்ராசஸரில் பஸ்ஸை ஏற்றும் வழி ஏறக்குறைய அடைந்துபோனது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ல், எங்கள் மாவட்டத்துக் காக்களூரில்தான் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளுக்காக வீட்டில் டெஸ்க்டாப் பூட்டும் தேவை அதோடு வேகமாகக் குறைந்தது.

இப்போது டெஸ்க்டாப் கேட்டு வருபவர்கள் வீடியோ எடிட்டிங், கேம் ஆட்கள். 3200 என்று எழுதிய டிடிஆர்4 ராமை வாங்கிப் போட்டு, ராமை அந்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் இயக்காமல் 2133-ல் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். இயக்குங்கள், அது பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடும். இயக்கிய கையோடு ஓர் இரவு மெம்டெஸ்ட், ஒரு பகல் ப்ராசஸரைச் சோதிக்கும் பிரைம்95 ஓட்டிப் பாருங்கள். வேகத்தைக் கூட்ட எந்தக் கடைக்காரராலும் முடியும். அந்த வேகம் உங்கள் வீட்டில், உங்கள் கரண்டில், மே மாத வெயிலில் நிற்கிறது என்று காட்டுவதுதான் தொழில். மில் தொழிலாளியின் சீட்டுப் பணத்துக்கு நாங்கள் கொடுத்த உத்தரவாதம் அது. நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.