முப்பத்தொன்பது கடிதங்கள்

துப்பறியும் நாவல் படிக்கிறவர்களைக் கோபப்படுத்துவது அவ்வளவு சுலபமல்ல. பாவம், ஏச்சுக் கேட்டே பழகியவர்கள். பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்த நாளிலிருந்து, "இந்தக் குப்பையை எதற்காகப் படிக்கிறாய்?" என்ற கேள்வி அவர்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்கள் பதில் சொல்வதில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே படிக்கப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட பரம சாதுக்கள் ஒரு தடவை பொறுமை இழந்து பேனாவைக் கையில் எடுத்தார்கள். அவர்களை அப்படிக் கிளப்பிவிட்டவர் எட்மண்ட் வில்ஸன் என்ற அமெரிக்க விமரிசகர்.

வில்ஸன் சாமானியமான ஆசாமி அல்ல. 1895-இல் பிறந்தவர். ஜாய்ஸ், எலியட், புரூஸ்ட் முதலியவர்களின் எழுத்து தலைகால் புரியாமல் ஜனங்கள் விழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1931-இல், அவர்களை விளக்கி ஒரு புத்தகம் எழுதினார். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பாதியில் விட்டுவிட்டு இறந்துபோன கடைசி நாவலை 1941-இல் ஒழுங்குபடுத்தி அச்சேற்றிய நண்பரும் அவர்தான். 'நியூயார்க்கர்' பத்திரிகையில் அவர் ஒரு புத்தகத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் அது எழுத்தாளனுக்குக் கிடைத்த பட்டயம். கெட்ட வார்த்தை சொன்னாலோ அவன் கதி அதோகதி.

1944-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், அந்தப் பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஜனங்கள் ஏன் துப்பறியும் கதைகளைப் படிக்கிறார்கள் என்பது தலைப்பு. ஷெர்லக் ஹோம்ஸ் படித்த சிறு வயதுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போனதில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் கெட்டிக்காரர்களான நண்பர்கள் இந்தக் கதைகளைப் பற்றியே உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாமே என்று உட்கார்ந்தார். ரெக்ஸ் ஸ்டவுட் எழுதியவற்றில் சில, அகதா கிறிஸ்டியின் நாவல் ஒன்று, டாஷியல் ஹாம்மெட்டின் 'மால்டீஸ் ஃபால்கன்' எல்லாவற்றையும் படித்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. ஸ்டவுட் எழுதியது ஹோம்ஸ் கதையில் தண்ணீர் விட்டுக் கலக்கியது போல அவருக்குத் தோன்றிற்று.

ஆனாலும் தலைப்பில் கேட்ட கேள்விக்கு அவர் ஒரு பதில் சொன்னார். இரண்டு உலக யுத்தங்களுக்கு நடுவே மனிதர்கள் மனத்தில் இனந்தெரியாத குற்ற உணர்வு ஒன்று குடியேறியிருந்தது. வரப்போகிற விபத்தைப் பற்றிய பயமும் இருந்தது. யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று எவருக்கும் நிச்சயமில்லை. அந்த நிலையில், கடைசிப் பக்கத்தில் ஒருவன் மேல் விரலை நீட்டி, "இவன்தான்!" என்று ஒரு கதை சொல்லும்போது, 'அப்பாடா, நான் இல்லை' என்று படிக்கிறவன் மூச்சு விடுகிறான் என்றார். யோசிக்க வேண்டிய வார்த்தைதான்.

ஆனால் வாசகர்கள் யோசிக்கவில்லை, கடிதம் எழுதினார்கள். வில்ஸனே கணக்குச் சொல்கிறார். வந்தவை 39 கடிதங்கள். அவற்றில் அவர் கட்சியை ஆதரித்தவை ஏழு. மற்றவற்றை எழுதியவர்கள் அனேகமாக எல்லாரும் மனம் புண்பட்டவர்கள். சோவியத் ரஷ்யாவைக் குறைகூறி எழுதியபோதுகூட இத்தனை ஆவேசத்தை அவர் கண்டதில்லையாம். தம் கருத்தை மாற்றிக்கொள்கிற வரையில் அவருடைய கட்டுரைகளைத் தொடுவதில்லை என்று ஒரு சீமாட்டி சபதம் செய்துவிட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோபித்துக்கொண்டவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்கள். 'நீங்கள் முட்டாள்' என்பதல்ல அது. 'நீங்கள் படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை. இந்த நாவலைப் படித்துப் பாருங்கள், கட்டாயம் பிடிக்கும்' என்பதே. இலக்கியச் சண்டைகளில் இப்படி ஒரு சண்டை அபூர்வம். எதிரியை அடிக்கக் கம்பைத் தேடாமல், அவனுக்குப் பரிமாற இலையைத் தேடியிருக்கிறார்கள்! அதுவும் யுத்த காலம். காகிதத்துக்குப் பஞ்சம். பத்திரிகையைத் திறந்தால் போர்முனைச் செய்தி. அந்த நாளில், முன்பின் பார்த்திராத ஒரு மனிதருக்கு உட்கார்ந்து கடிதம் எழுதி, 'எனக்குக் கிடைத்த சந்தோஷம் உமக்கும் கிடைக்கட்டும்' என்று சொல்வது கோபத்தின் ஜாதியைச் சேர்ந்ததல்ல.

சிபாரிசுகளில் முதல் ஸ்தானம் டாரதி ஸேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு. பதினெட்டுப் பேர் அவர் பெயரைச் சொன்னார்கள். அவர்களில் எட்டுப் பேர் குறிப்பிட்டது ஒரே புத்தகம்: 1934-இல் வெளிவந்த 'தி நைன் டெய்லர்ஸ்.' இங்கிலாந்தின் கிழக்கே சதுப்பு நிலப் பிரதேசத்தில் ஒரு கிராமம். வருஷப் பிறப்புக்கு முதல் நாள் இரவு, பனியில் கார் சிக்கிக்கொள்ள, லார்ட் பீட்டர் விம்ஸி என்ற துப்பறியும் கனவான் அங்கே தங்க நேருகிறது. மாதாகோவிலில் மணியடிப்போரில் ஒருவன் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டதால், விம்ஸியும் கயிற்றைப் பிடித்து, விடிய விடிய ஒன்பது மணி நேரம் மணியடிக்கிறார். சில மாதங்கள் கழித்து ஒரு கல்லறையைத் தோண்டினால், அதில் இருக்கக்கூடாத ஒரு பிரேதம் இருக்கிறது. ஸேயர்ஸ் அந்தப் பிரதேசத்தில் பாதிரியாரின் மகளாக வளர்ந்தவர். அந்த மண்ணும் வெள்ளமும் மணியோசையும் கதை முழுதும் நிரம்பியிருக்கின்றன.

வில்ஸன் படித்தார். 1945 ஜனவரியில் இரண்டாவது கட்டுரை வந்தது. ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்ற அர்த்தத்தில் தலைப்பு. ஸேயர்ஸின் நாவல் எந்தத் துறையிலும் தாம் கண்ட மிக அலுப்பான புத்தகங்களுள் ஒன்று என்று தீர்ப்புச் சொன்னார். மணியடிக்கும் சாஸ்திரம் வருகிற பக்கங்களில் பலவற்றைத் தாண்டிவிட்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். நையோ மார்ஷ், மார்ஜரி அலிங்ஹாம் இருவருக்கும் பூசை விழுந்தது. ஜான் டிக்ஸன் காருக்குக் கொஞ்சம் தயவு. ரேமண்ட் சாண்ட்லர் ஒருவரைத்தான் ரஸித்துப் படித்ததாகச் சொன்னார். அதையும் துப்பறியும் கதையில் சேர்க்க மனமில்லை. முடிவில், இந்தப் பழக்கம் சுருட்டுப் பிடிப்பதற்கும் குறுக்கெழுத்துப் போட்டிக்கும் நடுவில் வைக்க வேண்டிய ஒரு சின்ன வியசனம் என்றும், காகிதத் தட்டுப்பாட்டு நாளில் இதற்குக் காகிதம் செலவழிப்பது வீண் என்றும் முடித்தார். ரோஜர் அக்ராய்டின் கொலையைப் பற்றி 1926-இல் அகதா கிறிஸ்டி எழுதிய நாவல் தலைப்பில் இருக்கிறதே தவிர, கட்டுரைக்குள் அதைப் பற்றி விவாதமே இல்லை.

வழக்கில் வில்ஸன் ஜெயித்துவிட்டது போலத்தான் தோன்றும். அவர் காரணம் காட்டிப் பேசுகிறார். கடிதக்காரர்கள் 'படியுங்கள், படியுங்கள்' என்பதற்கு மேல் பேசவில்லை. ஆனால் அவர்கள் வேறு என்ன பேச முடியும்? அங்கேதான் மர்மக் கதை ரஸிகனுடைய தர்ம சங்கடம் இருக்கிறது. மற்றப் புத்தகங்களைச் சிபாரிசு செய்கிறவன், அதன் மிகச் சிறந்த இடத்தை எடுத்துச் சொல்லியே நண்பனை மயக்கிவிடலாம். கோவலன் கொலையுண்டான் என்று முன்பே தெரிந்ததால் சிலப்பதிகாரம் யாருக்கும் கசந்துவிடவில்லை. துப்பறியும் கதையிலோ, எது சிறந்த இடமோ அதைத்தான் சொல்லக்கூடாது. மோசமான கதையைத் திட்டுகிறவன் எல்லாவற்றையும் சொல்லலாம். நல்ல கதையைப் புகழ்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு புகழ வேண்டும். வில்ஸன் தாண்டிக் குதித்த மணியடிப் பக்கங்களைத் தாண்டக்கூடாது என்று நான் சொல்வேன். ஏன் என்று கேட்டால், மன்னிக்க வேண்டும், நானும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியவனே. வாடகை நூல்நிலையப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்ஸிலால் எழுதிவைக்கிற புண்ணியவானை மற்ற ரஸிகர்கள் கொலைகாரனைவிடக் கொடியவனாக நினைப்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவேதான், மனம்விட்டுப் பேச அவர்களுக்கு ஒரு தனிச் சபை தேவையாயிற்று. எல்லாரும் படித்தவர்கள், எல்லாருக்கும் முடிவு தெரியும் என்று நிச்சயமான சபை. 1934-இல் கிறிஸ்டோபர் மார்லி என்ற நியூயார்க் எழுத்தாளர் அப்படி ஒன்றைத் தொடங்கினார். ஹோம்ஸ் கதைகளை வைத்துத் தயாரித்த ஒரு குறுக்கெழுத்துப் போட்டியைத் தம் பத்திரிகைப் பகுதியில் வெளியிட்டார். சரியாகப் பூர்த்தி செய்தவர்களுக்குச் சங்கத்தில் இடம். வில்ஸன் ஏளனம் செய்த இரண்டு வியசனங்களும் ஒன்றாய்ச் சேர்ந்தே அந்தச் சங்கம் பிறந்திருக்கிறது! ஹோம்ஸுக்கு உளவு சொல்லும் தெருப் பையன்களின் பெயரை வைத்து, 'பேக்கர் தெரு இர்ரெகுலர்ஸ்' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். விருந்துக்குக் கூடுவார்கள். ஹோம்ஸும் வாட்ஸனும் நிஜ மனிதர்கள் என்று பாவித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் வாதாடுவார்கள். ஒரு கதையில் வாட்ஸனுக்குக் குண்டு பட்டது தோளில், இன்னொன்றில் காலில், எது உண்மை? வாட்ஸனுக்கு எத்தனை மனைவிகள்? 1941-இல் ரெக்ஸ் ஸ்டவுட் எழுந்து, வாட்ஸன் ஒரு பெண் என்று 'நிரூபித்து' சபையைத் திகைக்க அடித்தார். நிஜப் பெண்களை அந்தச் சங்கம் 1991 வரையில் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அதன் கணக்கில் ஒரு பற்று. கொலைக் கதைகளின் ராணிகள் என்று உலகம் கொண்டாடியவர்கள் பெண்கள். வில்ஸனுக்குச் சபதக் கடிதம் எழுதியவளும் ஒரு பெண்தானே.

சங்கம் என்றால் ஊருக்குள் கூடுவது. தொலைவில் இருக்கிறவர்களுக்குத் தபால்தான் சபை. 1967-இல் மின்னஸோட்டா மாகாணத்தில் ஆலன் ஹியூபின் என்ற ரசாயன நிபுணர் 'தி ஆர்ம்சேர் டிடெக்டிவ்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். அந்தப் புத்தகம் கிடைக்குமா, இந்த ஆசிரியரின் நிஜப் பெயர் என்ன, இவர் இன்னும் எத்தனை எழுதினார் என்று வாசகர்களே கேள்வி கேட்டு வாசகர்களே பதில் சொன்னார்கள். 1997 வரை அது நடந்தது. இடையில் ஹியூபின், 1749 முதல் 1975 வரை வெளிவந்த குற்றக் கதைகளுக்கு ஒரு பெரிய அட்டவணையே தொகுத்து வெளியிட்டார். எந்தப் பல்கலைக் கழகமும் கட்டளையிடாமல், ஒருவர் தம் ஆசைக்குச் செய்த காரியம் அது.

இன்னொருவர் ஆண்டனி பவுச்சர். 1951 முதல் 1968-இல் காலமாகும் வரையில் 'நியூயார்க் டைம்ஸி'ல் மர்ம நாவல்களுக்கு மதிப்புரை எழுதியவர். கதையின் முடிச்சை அவிழ்க்காமலே அதன் ருசியைச் சொல்லும் வித்தை அவருக்குத் தெரியும். வேற்று மொழியில் நல்லதைக் கண்டாலும் விடமாட்டார். போர்ஹெஸ் என்ற அர்ஜெண்டைனா எழுத்தாளரின் கதை ஒன்றை 1948-இலேயே இங்கிலீஷில் மொழிபெயர்த்து, 'எல்லரி குவீன்' மர்மக் கதைப் பத்திரிகையில் வெளியிட்டார். பிற்காலத்தில் உலக இலக்கியத்தின் தூண் என்று பண்டிதர்கள் கொண்டாடிய மனிதரை, இங்கிலீஷ் வாசகர்களுக்கு முதலில் அழைத்துவந்து காட்டியது ஒரு கொலைக் கதைப் பத்திரிகை! பவுச்சர் மறைந்த பிறகு, 1970-இல் கலிபோர்னியாவில் ரஸிகர்கள் கூட்டிய மகாநாட்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். படைத்தவனுக்கு விழா எடுப்பது உலக வழக்கம். படித்துவிட்டு, 'நன்றாயிருக்கிறது, நீயும் படி' என்று சொன்னவனுக்கு விழா எடுத்தவர்கள் இவர்கள்.

வில்ஸன் என்ன ஆனார்? 1945 பிப்ரவரியில் மூன்றாவதாக ஒரு கட்டுரை எழுதினார். தம் பழைய ஹோம்ஸை மறுபடி எடுத்துப் படித்திருக்கிறார். அது மட்டும் இலக்கியம் என்றார். குதிரை வண்டிகளும், லண்டனின் இருண்ட விடுதிகளும், தனித்து நிற்கும் பங்களாக்களும் அவர் மனத்தை மறுபடி பிடித்துக்கொண்டன. ஆக, ஒரு நல்ல துப்பறியும் கதையை, முடிவு தெரிந்த பின்னும் திரும்பப் படிக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. தபால் எழுதினவர்களின் கட்சியும் அதுதான். பேக்கர் தெருச் சங்கத்தார் விருந்துக்குக் கூடினதும் அதற்காகத்தான்.

1972-இல் அவர் காலமானார். 2013-இல் பிரிட்டிஷ் குற்றக் கதை எழுத்தாளர் சங்கம், இதுவரை வந்த குற்ற நாவல்களில் சிறந்தது எது என்று தன் அங்கத்தினர்களைக் கேட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்தது ரோஜர் அக்ராய்டின் கொலையை. யாருக்கென்ன என்று கேட்டவருக்கு, 87 வருஷம் கழித்தும் எங்களுக்குத்தான் என்று கை தூக்கினார்கள். இதனால் வில்ஸன் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கதைகளில் பல நிஜமாகவே மட்டமானவை. அதைத் துணிந்து சொல்ல ஒருவர் வேண்டியதுதான். ரஸிகர்களும் அதை அறியாதவர்கள் அல்ல. 1946-இல் ஹோவர்ட் ஹேக்ராஃப்ட் என்பவர் துப்பறியும் கதையைப் பற்றிய சிறந்த கட்டுரைகளை ஒரு பெரிய தொகுதியாக வெளியிட்டார். அவர் இந்தக் கலையின் முதல்தரமான பக்தர். அந்தத் தொகுதியில், ஸேயர்ஸும் சாண்ட்லரும் எழுதியவற்றோடு, வில்ஸனின் அந்த இரண்டாவது கட்டுரையையும் சேர்த்திருக்கிறார். இதையும் படித்துப் பாருங்கள், சுவாரஸ்யமாயிருக்கும் என்று.