சவலை

சவலை என்ற சொல்லை நான் முதலில் கேட்டது யாப்பிலக்கண வகுப்பில். இரண்டு குறள் வெண்பாக்கள் நடுவே தனிச்சொல் இல்லாமல் சேர்ந்து நான்கடியாக நின்றால் அது சவலை வெண்பா. இரண்டாம் அடியில் ஒரு சீர் குறைந்திருக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது, பல ஆண்டுகள் கழித்து என் வீட்டில்தான் உறைத்தது.

மூத்தவளுக்கு அப்போது இரண்டு வயது. சின்னவன் பிறந்து ஐம்பது நாள். அவனுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் இவள் என் முதுகில் ஏறித் தொங்குவாள். ஊட்டிய சோற்றைத் துப்புவாள். ஒன்றுக்கு வந்தால் சொல்லப் பழகியவள் மறுபடி பாயை நனைக்கத் தொடங்கினாள். இரவில் ஒருத்தி உறங்கினால் இன்னொருவன் விழிப்பான். ஒரு மதியம், ஒரு மணி நேரம் ஆட்டி அவனைத் தூளியில் தூங்க வைத்திருந்தேன். இவள் வந்து தூளிச் சேலையைப் பிடித்து இழுத்து எழுப்பிவிட்டாள். அடித்துவிட்டேன். முதுகில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. சத்தம் கேட்டு வந்த என் அத்தை அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "சவலப் பிள்ளை அப்படித்தாம்மா இருக்கும். அதப் போய் அடிக்கியே" என்றார்.

தாய் மறுபடி உண்டாகிவிட்டதால் பால் மறக்கடிக்கப்பட்ட பிள்ளை. தாய்ப்பால் போதாமல் மெலிந்து, சிணுங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை. அதுதான் சவலை. வேப்பிலையை அரைத்து மார்பில் தடவி நான் அவளுக்குப் பால் மறக்கடித்தது பதினேழாம் மாதத்தில். அவளிடம் காரணம் சொல்ல முடியவில்லை. கசப்பை மட்டும் கொடுத்தேன்.

நான் முனைவர் பட்ட ஆய்வு செய்தது பிள்ளைத்தமிழில். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கும் இலக்கியம் அது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியை. குழந்தை தலையை நிமிர்த்துகிறது, கை கொட்டுகிறது, முத்தம் தருகிறது, தளர்நடை நடந்து வருகிறது. இவ்வளவு உன்னிப்பாகக் குழந்தையைப் பார்த்த மரபு என்று நான் ஆய்வேட்டில் பெருமையோடு எழுதினேன். இரண்டு பிள்ளைகளை வளர்க்கும்போதுதான் வேறொன்று தெரிந்தது. பிள்ளைத்தமிழில் எப்போதும் ஒரே பிள்ளை. அதன் பருவங்களில் பால்குடி மறக்கும் பருவம் இல்லை. நாம் வகுப்பில் பாடம் சொல்லும் பிள்ளைத்தமிழ்கள் எல்லாம் ஆண்கள் பாடியவை.

அதற்கும் முந்தைய புறநானூற்றின் 188ஆம் பாட்டும் இப்படித்தான். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. சின்னச் சின்ன அடி வைத்து வரும் குழந்தை, நெய்ச் சோற்றில் கையை விட்டுத் துழாவி, வாயில் கவ்வி, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. அந்த இன்பம் வாய்க்காதவர்களுக்கு வாழ்நாளில் பயன் இல்லை என்கிறான் அரசன். நடைபழகும் பிள்ளையைப் பற்றி இதைவிடத் துல்லியமான சித்திரம் தமிழில் அரிது. ஆனால் பந்தியிலிருந்து எழுந்து போவது அரசன். சிதறிய சோற்றை வழித்து, தரையைத் துடைத்து, நெய்ப் பிசுக்குப் போகக் குழந்தையைக் குளிப்பாட்டியது யார்? பாட்டு அங்கே வரவில்லை.

பாட்டு வராத இடத்துக்கு மருத்துவம் ஒரு முறை வந்தது. இன்றைய கானா அன்று கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி. அங்கே பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், கால் வீங்கி, தோல் உரிந்து, எதிலும் நாட்டமின்றிச் சாகும் குழந்தைகளைப் பற்றி 1933இல் எழுதினார். தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்டு மக்காச்சோளக் கஞ்சியில் விடப்பட்ட குழந்தைகள் அவர்கள். அந்த ஊர் கா மொழியில் அதற்கு வழங்கிய பெயரையே 1935இல் அவர் மருத்துவ உலகுக்கு அறிவித்தார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். சவலையும் அதுவும் ஒரே நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சொற்களும் கண்ட காட்சி ஒன்றுதான்: மடியில் ஒரு பிள்ளை, மடிக்கு வெளியே ஒரு பிள்ளை.

யார் சவலை ஆகிறார்கள் என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. இந்தியக் குடும்பங்களின் தரவுகளை வைத்துச் சீமா ஜெயச்சந்திரனும் இலியானா குசியெம்கோவும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிடக் குறைந்த காலமே தாய்ப்பால் கிடைக்கிறது என்று காட்டியது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்ற அவசரம் அதற்கு ஒரு காரணம். என் வீட்டிலும் அந்த அவசரம் இருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "இன்னொன்னு பெத்துட்டா சிங்கக்குட்டி வந்துரும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

சட்டம் என்ன செய்தது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 12 வார விடுப்புத் தந்தது. 2017இல் அது முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. தமிழக அரசின் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு. போராடிப் பெற்றவை, குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த தனியார் கல்லூரியில் எனக்குக் கிடைத்தது 12 வாரம். சட்டத்தின் கணக்கு பிறந்த பிள்ளையோடு தொடங்குகிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கில் ஒரு நாளும் இல்லை. அரசு அந்த வயதைத் தேடி வந்ததும் உண்டு. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, தேறாத பிள்ளைக்குச் சத்துணவு தந்தது. எடை போட்ட கைகளும் ஊரில் உள்ள பெண்களின் கைகள்தான். மத்திய அரசின் கணக்கில் இன்றும் அங்கன்வாடிப் பணியாளர் வாங்குவது மதிப்பூதியம். பிள்ளை வளர்ப்பை வீட்டில் செய்தால் அன்பு, வெளியில் செய்தால் சேவை. வேலை என்று மட்டும் சொல்வதில்லை.

நாம் பிள்ளையைச் சவலை என்கிறோம். குறைவு பிள்ளையிடம் இருப்பதுபோல அந்தச் சொல் நிற்கிறது. அன்று என் வீட்டில் குறைந்திருந்தது கைகள். என் கணவர் நல்லவர். மாலையில் வந்து இருவரையும் கொஞ்சுவார். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகச் சொல்கிறது. அந்த எண்களைப் பார்த்தபோது என் மகளின் முதுகு நினைவுக்கு வந்தது. அந்த அடி என்னுடையது. அதை நான் கணக்கில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த அடிக்குப் பின்னால் தூங்காத ஐம்பது இரவுகள் இருந்தன. அவற்றை நான் தனியாகக் கழித்திருக்க வேண்டியதில்லை.

இப்போது சவலை வெண்பா நடத்தும்போது இரண்டு பொருளையும் சொல்கிறேன். போன ஆண்டு வகுப்பில், "உங்களில் யாரெல்லாம் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தீர்கள்?" என்று கேட்டேன். உயர்ந்த கைகளில் இரண்டைத் தவிர மற்றவை பெண்களுடையவை. ஒருத்தி எழுந்து, "தம்பி பொறந்தப்போ எனக்கு அஞ்சு வயசு மேடம். ஒரு வருஷம் லேட்டாத்தான் ஸ்கூல்ல சேர்த்தாங்க" என்றாள். சவலைப் பிள்ளையே கொஞ்ச நாளில் அடுத்த பிள்ளைக்குச் சின்னத் தாயாகிவிடுகிறாள். அன்று வீட்டுக்கு வந்ததும் சின்னவனை அழைத்து, அக்காவின் தட்டையும் சேர்த்துக் கழுவச் சொன்னேன். "நான் ஏன்?" என்று கேட்டான். உட்கார வைத்து, இந்தக் கதையை முதலிலிருந்து சொன்னேன்.