கிரையோஜெனிக் தடை யாரைக் குறிவைத்தது?

இந்தியா கேட்டது, அமெரிக்கா தடுத்தது: மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளால் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் இயந்திரத்தின் வரலாற்றை நாம் இப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாக அடுக்கினால், அந்தத் தடை இந்தியாவைவிட ரஷ்யாவை நோக்கியே வீசப்பட்டது என்று தோன்றுகிறது. 1991 ஜனவரியில் இஸ்ரோ, சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. இயந்திரங்களோடு அவற்றைச் செய்யும் நுட்பமும் நமக்கு வர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே கலைந்துபோனது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதிகளைக் காட்டி, 1992 மே மாதம் இரு நிறுவனங்கள் மீதும் அமெரிக்கா இரண்டாண்டுத் தடை விதித்தது. 1993 ஜூலையில் ரஷ்யா பணிந்தது. இயந்திரம் தருவோம், நுட்பம் தர மாட்டோம் என்றது. செப்டம்பர் 2 அன்று அமெரிக்கத் துணை அதிபர் அல் கோரும் ரஷ்யப் பிரதமர் செர்னோமிர்தினும் விண்வெளிக் கூட்டுறவு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ரஷ்யா பங்காளியானது இந்த வழியில்தான். சம்பளமின்றித் தவித்த ரஷ்ய ராக்கெட் வல்லுநர்கள் வேறு நாடுகளின் ஏவுகணைக் கூடங்களுக்குப் போய்விடுவார்களோ என்ற அச்சம் வாஷிங்டனுக்கு இருந்தது. அவர்களுக்கு வேலையும் பணமும் தந்து அணைத்துக்கொள்ள விண்வெளி நிலையம் வசதியான கருவி. அந்த ஏற்பாட்டுக்கு ரஷ்யா கொடுத்த விலைகளில் ஒன்று நமது ஒப்பந்தம்.

இந்த நுட்பம் ஏவுகணைக்குப் பயன்படும் என்று தடைக்குச் சொல்லப்பட்ட ஆயுத அச்சம் பொய்யா என்று கேட்கலாம். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இந்தியாவின் எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் கட்டத் திட எரிபொருள் மோட்டார்தான் 1989-இல் அக்னி ஏவுகணையையும் தூக்கியது. அயலார் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் ஏவுகணைக்கான அந்த வழி திட எரிபொருளால் ஏற்கெனவே திறந்துகிடந்தது. கிரையோஜெனிக் இயந்திரத்தின் எரிபொருளான திரவ ஹைட்ரஜனோ சுமார் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் குளிரில்தான் திரவமாக நிற்கும், ஓயாமல் ஆவியாகும், ஏவுவதற்குச் சற்று முன்புதான் நிரப்ப முடியும். நொடியில் பாயத் தயாராக இருக்க வேண்டிய ஏவுகணைக்கு அது உதவாது. அமெரிக்காவின் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனமே முன்பு இதே வகை இயந்திரத்தை இஸ்ரோவுக்கு விற்க முன்வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆயுதக் காரணம் மிகவும் மெலிகிறது.

தடை நமக்கு நன்மையே செய்தது, சொந்தக் காலில் நிற்க வைத்தது என்ற வாதம் இன்று பெருமையோடு சொல்லப்படுகிறது. இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தில் பொறியாளர்கள் பட்ட பாட்டுக்கு அந்தப் பெருமை தகும், தடைக்குத் தகாது. 2001-இல் முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட் ரஷ்ய இயந்திரத்தோடுதான் புறப்பட்டது. உள்நாட்டு இயந்திரம் 2010 ஏப்ரலில் தோற்று, 2014 ஜனவரி 5 அன்றுதான் வென்றது. அன்று ராக்கெட் சுமந்த ஜிசாட்-14 செயற்கைக்கோள் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. மூன்று டன்னைத் தாண்டிய ஜிசாட்-10, 2012-இலேயே பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில், நாம் கட்டணம் கட்டிப் போயிருந்தது.