ரூ ருவாயால், எண் 12

1998ஆம் ஆண்டு அலென் துகாஸ் என்ற பிரெஞ்சுச் சமையல் கலைஞரின் இரண்டு உணவகங்கள் மிஷ்லின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களை ஒரே நேரத்தில் பெற்றன. ஒன்று பாரிஸிலும் மற்றொன்று மொனாக்கோவிலும் இருந்தன. ஆறு நட்சத்திரங்களை ஒருசேர வைத்திருக்கும் முதல் சமையற்காரர் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. பிறகு ஒரு திருத்தம் தேவைப்பட்டது. 65 ஆண்டுகளுக்கு முன்பே, 1933இல், லியோன் நகரத்துப் பெண்மணி ஒருவர் அதே உயரத்தை எட்டியிருந்தார். அவர் பெயர் யூஜெனி ப்ராஸியே. ஊர் அவரை ‘மேர் ப்ராஸியே’ என்றது. மேர் என்றால் அம்மா.

ஒரு தேசம், அதுவும் சமையலைத் தன் பண்பாட்டின் சிகரங்களுள் ஒன்றாகக் கருதும் தேசம், இப்படி ஒருவரை எவ்வாறு மறந்தது என்ற கேள்விதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது.

லியோன் பட்டு நெசவின் நகரம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே செல்வக் குடும்பங்களின் அடுக்களைகளில் கிராமத்துப் பெண்கள் சமைத்தார்கள். அக்குடும்பங்களின் வளம் குறைந்து வேலைக்காரர்களைக் குறைத்தபோது, வெளியே வந்த பெண்களில் சிலர் சிறு உணவுக்கடைகளைத் திறந்தனர். நான்கைந்து பண்டங்கள்தான் இருக்கும். ஆனால் அவற்றில் பிழை இராது. இவர்களே ‘லியோனின் அம்மாக்கள்’. நம்மூரில் மாமி மெஸ், ஆச்சி கடை என்று சொல்வதைப் போன்ற வழக்கு இது. உறவுப்பெயர் சூட்டுவதில் வாஞ்சை இருக்கிறது. கூடவே ஒரு மறைப்பும் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆண் சமைத்தால் அது கலை, அவருக்குப் பெயரும் கோட்பாடும் உண்டு. பெண் சமைத்தால் அது தாய்மையின் நீட்சி. அம்மாவின் கைமணத்துக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை.

யூஜெனி 1895இல் ப்ரெஸ் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் பன்றி மேய்த்தார். வயல்வேலை இல்லாத குளிர்காலத்தில் மட்டும் பள்ளிக்கூடம். பத்து வயதில் தாய் இறந்தார். பிறகு வேறு பண்ணைகளில் கூலிவேலை. பத்தொன்பதாவது வயதில் மணமாகாமலே கஸ்தோன் என்ற மகனைப் பெற்றபோது தந்தை வீட்டைவிட்டுத் துரத்தினார். 1914இல், போர் தொடங்கிய ஆண்டில், லியோனுக்கு வந்து ஒரு பாஸ்தா உற்பத்தியாளர் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அடுப்படிக்கு வந்தது. பின்னர் அன்று நகரில் மிகவும் பெயர்பெற்றிருந்த மேர் ஃபிய்யூ கடைக்குப் போனார். அந்த அம்மையார் விருந்தினர் மேசைக்கே வந்து, சிறு கத்தி ஒன்றால் கோழியைத் தானே அறுத்துப் பரிமாறுவார். கடை முழுவதும் பெண்கள்.

1921 ஏப்ரலில், ரூ ருவாயால் தெருவில் 12ஆம் எண்ணில், முன்பு மளிகைக்கடையாக இருந்த இடத்தில் யூஜெனி தன் உணவகத்தைத் திறந்தார். கையிலிருந்தது 12,000 பிராங்க். சுமார் 15 பேர் உட்காரலாம். முதல் நாள் விருந்தில் மயோனைஸுடன் கல்லிறால், பட்டாணியுடன் புறா. அவ்வளவுதான் தொடக்கம். சில ஆண்டுகளுக்குள் நகரமேயர் எதுவார் எரியோ அங்கே வழக்கமாக வரத் தொடங்கினார். பிரான்சின் பிரதமராக மூன்று முறை இருந்தவர் அவர். நகரின் புகழுக்குத் தன்னைவிட அந்த அம்மாள் அதிகம் செய்கிறார் என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள்.

அங்கே என்னதான் சாப்பிட்டார்கள்? பட்டியல் சிறியது, அநேகமாக மாறாதது. கூனைப்பூவின் அடிச்சதையின் மேல் வாத்து ஈரல். ஆற்றுமீனை அரைத்து, முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிடித்து வேகவைத்த ‘கெனல்’, நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. எல்லாவற்றுக்கும் மேலாக ‘பூலார்த் தெமி தய்’. ‘பாதித் துக்கக் கோழி’ என்று மொழிபெயர்க்கலாம். ப்ரெஸ் பகுதியின் வெண்ணிறக் கோழியை எடுத்து, அதன் தோலுக்கும் சதைக்கும் இடையே ட்ரஃபிள் என்னும் நிலத்தடிக் காளானின் கறுப்பு வில்லைகளைச் செருகி, காய்கறிச் சாற்றில் மென்மையாக வேகவைப்பார்கள். வெளிறிய தோலின் ஊடே கறுப்பு தெரியும். ஐரோப்பியப் பெண்கள் முழுக் கறுப்பில் துக்கம் காத்த பின், வெள்ளையும் சாம்பலும் கலந்து உடுத்தும் இரண்டாம் கட்டத்துக்கு ‘பாதித் துக்கம்’ என்று பெயர். வெள்ளையே துக்கத்தின் நிறமாக இருந்த நமக்கு இந்தப் பெயரின் நயம் சற்றுத் தலைகீழாகத்தான் வந்து சேரும்.

இந்தக் கோழி ப்ராஸியேயின் கண்டுபிடிப்பன்று. ஃபிய்யூ அம்மையாரிடமிருந்து வந்தது. கெனலும் அப்படியே. இங்கேதான் மறதியின் முதல் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பின்வந்த காலம் சமையற்காரரிடம் புதுமையைக் கேட்டது. நூல் எழுதியவரையும் இயக்கம் தொடங்கியவரையும் நினைவில் வைத்தது. ப்ராஸியேயின் மேதைமை வேறு இடத்தில் இருந்தது. அது தேர்வில், மீண்டும் மீண்டும் செய்வதில், விட்டுக்கொடுக்காமையில் இருந்தது. ப்ரெஸ் கோழியைப் பண்ணைப் பெண்ணாக அறிந்தவர் அவர். கோழி கொண்டுவருபவர், இனி என் கோழிகளுக்கு நகம் திருத்திவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் போலிருக்கிறது என்று நொந்துகொண்டாராம். அடுக்களைத் தூய்மையிலும் அதே பிடிவாதம். இவை எதுவும் ஏட்டில் நிற்பவை அல்ல. நேற்றைய கோழி எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கு நேற்று சாப்பிட்டவரே சாட்சி. அவரும் போய்விட்டால் சாட்சி இல்லை.

ஓயாத உழைப்பு உடலை வருத்தியது. 1920களின் இறுதியில், லியோனுக்கு மேற்கே கோல் த லா லுயேர் என்ற மலைக்கணவாயில் ஒரு மரவீட்டில் ஓய்வுக்காகத் தங்கினார். மின்சாரமும் எரிவாயுவும் இல்லாத இடம். வாடிக்கையாளர்கள் மலையேறி அங்கேயும் வந்துவிட்டார்கள். ஓய்வுவிடுதி இரண்டாவது உணவகமாயிற்று. பின்னாளில் நகரத்துக் கடையை மகன் கஸ்தோன் கவனித்துக்கொண்டார். 1933இல் இரண்டுக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள். மூன்று நட்சத்திரம் பெற்ற முதல் பெண்கள் இருவர், ப்ராஸியேயும் பிரியே ஊரின் மரி பூர்ஷுவாவும். இரண்டாமவரை நாம் இன்னும் குறைவாகவே அறிவோம்.

நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பங்கீட்டு விதிகளுக்கு அவர் பணியவில்லை. அபராதங்கள் வந்தன, ஒரு வாரம் சிறையிலும் இருந்தார். இதை வீரச்செயலாக்கிப் பேசுவது எளிது. தட்டில் குறைவானதை வைக்க மனம் ஒப்பாத பிடிவாதமே இது என்று எனக்குப் படுகிறது. அதுவும் சிறிய விஷயமில்லை.

போர் முடிந்து, 1946இல், காயம்பட்டுத் திரும்பியிருந்த இருபது வயது இளைஞன் ஒருவன் மலைக்கடைக்கு வேலை கேட்டு வந்தான். அடுப்பருகே நிற்கும் முன் அவன் பசு கறக்க வேண்டியிருந்தது, தோட்டத்தில் கொத்த வேண்டியிருந்தது, துணி துவைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. அவன் பெயர் போல் பொகூஸ். பிற்காலத்தில் பிரெஞ்சுச் சமையலின் முகமாகவே ஆனவர். அந்த அம்மாளிடம் கற்றதைப் பற்றி அவர் வாழ்நாள் முழுதும் நன்றியோடு பேசினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சீடர் மறக்கவில்லை; மறந்தது சீடரைக் கொண்டாடிய உலகம். ‘நூவெல் க்விசீன்’ எனப்பட்ட 1970களின் புதுச்சமையல் அலை வந்தபோது சமையற்காரர் ஒரு நட்சத்திர ஆளுமையாகிவிட்டார். அந்த மேடையில் அநேகமாக ஆண்கள் மட்டுமே நின்றார்கள்.

பிரான்சின் உயர் விருதான லெழியோன் தொன்னேர் அவருக்கு அளிக்க முன்வரப்பட்டபோது மறுத்துவிட்டார். நன்றாகச் சமைத்ததைவிடப் பெரிய காரியங்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் பதில். நான் முதலில் இதைத் தன்னடக்கமாக எடுத்துக்கொண்டேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தன் வேலையைப் பதக்கத்தால் அளக்க மறுக்கும் ஒருவரின் செருக்கும் அதில் இருந்திருக்கலாம்.

1977 மார்ச்சில் அவர் இறந்தார். அவரது சமையற்குறிப்புகள் அதே ஆண்டில் நூலாக வந்தன. ஆங்கிலத்துக்கு அவை சென்றது 2014இல்தான். மகன் கஸ்தோன் அவருக்கு முன்பே காலமாகியிருந்தார். பேத்தி ஜாகோத் ரூ ருவாயால் கடையைப் பல்லாண்டுகள் நடத்தினார். 2000களில் அது குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. பின்னர் பேத்தி ப்ராஸியே பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, சமையல் பயிலும் இளம்பெண்களுக்கு உதவினார்.

2008இல் மத்தியூ வியனே என்ற சமையற்காரர் அந்தக் கடையை வாங்கினார். பழைய தோற்றத்தைப் பெரும்பாலும் காத்து, பெயரையும் ‘லா மேர் ப்ராஸியே’ என்றே விட்டுவைத்தார். 2009இல் அதற்கு இரண்டு நட்சத்திரங்கள் கிடைத்தன. தன் பாணியில் புதியவற்றைச் சமைக்கும் அவர், பட்டியலிலிருந்து பாதித் துக்கக் கோழியை நீக்கவில்லை.